காஸ்ப்ராவில் ஒரு குளிர்காலம்

ரஷ்ய நாட்டுக் குளிர்காலத்தை நம்மில் பெரும்பாலோர் புத்தகங்களில்தான் கண்டிருக்கிறோம். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக வாழ்ந்து பழகிய நமக்குக் கேமரன் மலையில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பதே பெரிய குளிர்! லியோ டால்ஸ்டாய் பிறந்து வளர்ந்த யாஸ்னயா பொல்யானாவில் குளிர்காலம் வந்துவிட்டால் வயல், சாலை, கூரை எல்லாம் பனிக்குள் புதைந்துவிடும். மாதக்கணக்கில் அது இளகாது. அந்த மண்ணின் மனிதர் தமது எழுபத்து மூன்றாம் வயதில் கடலோரத்தில், ரோஜா பூக்கும் தோட்டம் ஒன்றில், அவருக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு மென்மையான குளிர்காலத்தைக் கழித்தார். உடல் தேற வேண்டும் என்று குடும்பத்தினர் அவரை அங்கு அழைத்துச் சென்றனர். அவரோ சாவதற்கு ஆயத்தமாகச் சென்றார். நடந்தது வேறு.

‘போரும் வாழ்வும்’, ‘அன்னா கரீனினா’, ‘புத்துயிர்ப்பு’ ஆகிய நாவல்களை எழுதிய டால்ஸ்டாயின் பெயரை அறியாதார் நம் பேரவையில் இருக்கமாட்டார்கள். அவர் பிறந்தது 1828இல், இறந்தது 1910இல் என்று தொடங்கும் கட்டுரைகளும் நமக்குப் புதியவை அல்ல. எனவே அவருடைய எண்பத்திரண்டு ஆண்டு வாழ்க்கையில் பத்து மாதங்களை மட்டும், அதாவது 1901 செப்டம்பர் முதல் 1902 ஜூன் வரையிலான காலத்தை, இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டேன். அவர் ஊருக்குச் சொன்ன கொள்கையும் அவர் வாழ்ந்த வாழ்க்கையும் ஒரே கூரையின்கீழ் முட்டிக்கொண்ட மாதங்கள் அவை. (நாள் கணக்கெல்லாம் ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி, நம் கணக்குக்கு 13 நாள் கூட்டிக்கொள்ளவும்.)

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டால்ஸ்டாய் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு வயதை எட்டுமுன் தாயையும், 1837இல் தந்தையையும் இழந்தார். கசான் பல்கலைக்கழகத்தில் கீழைமொழிகள் படிக்கச் சேர்ந்து, தேர்வில் தவறி, சட்டத்துறைக்கு மாறி, அதையும் முடிக்காமல் 1847இல் பட்டமின்றி வீடு திரும்பினார். (பருவத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துத் தவறான முடிவுக்கு வந்துவிட வேண்டாம்!) சூதாடினார், கடன்பட்டார், படையில் சேர்ந்தார். 1854, 1855ஆம் ஆண்டுகளில் கிரிமியப் போரில் செவஸ்தப்போல் நகரைக் காத்துநின்ற பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தார். 1862இல் சோஃபியாவை மணந்தார். திருமணத்துக்கு முன்பே தம் பழைய நாட்குறிப்புகளையெல்லாம் அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தார். உண்மையை மறைக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். அதில் எழுதியிருந்தவற்றைப் படித்த காயம் சோஃபியாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை. பதின்மூன்று குழந்தைகளைப் பெற்று, ஐவரைச் சிறு வயதிலேயே மண்ணுக்குக் கொடுத்து, ‘போரும் வாழ்வும்’ நாவலின் அடித்தல் திருத்தல் நிறைந்த தாள்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்து எழுதியவர் அவர்.

ஐம்பது வயதை ஒட்டி டால்ஸ்டாய் மாறினார். புகழும் சொத்தும் நிறைந்திருந்தபோது, சாவு வரும் என்றால் இவற்றுக்கு என்ன பொருள் என்ற கேள்வி அவரைப் பிடித்து ஆட்டியது. தற்கொலை எண்ணம்கூட வந்தது. அதிலிருந்து மீண்டவர் புலால், மது, புகை ஆகியவற்றை விட்டார். நிலம் தனி ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது பாவம் என்றார். தீமையைத் தீமையால் எதிர்க்கக்கூடாது என்றார். 1881க்குப் பின் எழுதியவற்றின் உரிமையை 1891இல் பொதுவுக்கு விட்டார். மறு ஆண்டில் சொத்தை மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தேவாலயத்தின் சடங்குகளைச் சாடிய அவரை, ரஷ்யத் திருச்சபை 1901 பிப்ரவரியில் தன் மந்தையில் ஒருவர் அல்லர் என்று அறிவித்தது. மக்களிடத்தில் அவர் புகழ் குறையவில்லை, கூடியது.

அந்தக் கோடையில் மலேரியாக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. இதயமும் தளர்ந்திருந்தது. வடக்கின் குளிரை இந்த ஆண்டு இவர் உடம்பு தாங்காது, தெற்கே கிரிமியாவுக்குக் கொண்டுசெல்லுங்கள் என்றனர் மருத்துவர்கள். சோஃபியா பானினா என்னும் செல்வச் சீமாட்டி காஸ்ப்ராவில் இருந்த தம் மாளிகையை அவர் தங்குவதற்காகக் கொடுத்தார். (இந்தப் பானினா 1917 புரட்சி ஆண்டில் இடைக்கால அரசில் துணை அமைச்சர் பொறுப்பேற்று, பிறகு போல்ஷிவிக்குகளின் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர். அவர் கதை தனிக்கதை.) செப்டம்பர் 5ஆம் நாள் டால்ஸ்டாய் புறப்பட்டார். வழியில் கார்க்கோவ் ரயில் நிலையத்தில் அவரைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. அதில் மாணவர்களும் இருந்தனர். ரயில் பெட்டிக்குள் இருந்த கிழவருக்கு அந்த ஆரவாரம் இதயப் படபடப்பைத்தான் தந்தது.

காஸ்ப்ரா, யால்டா நகருக்கு அருகில் கருங்கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர். வடக்கேயிருந்து வரும் வாடைக்காற்றை மலைத்தொடர் சுவர்போல் தடுத்துவிடும். ஊருக்குமேல் ஐ-பெத்ரி சிகரம். மாளிகைக்குக் கோட்டைபோல் இரண்டு கோபுரங்கள். சுற்றிலும் சைப்ரஸ் மரங்கள், திராட்சைத் தோட்டம், நீரூற்று, பளிங்குப் படிக்கட்டு. கால்மேல் கால் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கலாம். யார் பார்க்கிறார்? நிலவுடைமை பாவம் என்று எழுதியவர்! தம் வாழ்நாளில் இப்படியோர் ஆடம்பரத்தில் இருந்ததில்லை என்று அவரே கடிதத்தில் எழுதினார். அதில் கேலியும் இருந்தது, கூச்சமும் இருந்தது.

டால்ஸ்டாயைக் குறைசொல்பவர்கள் இங்கேதான் கைதட்டுவார்கள். ஊருக்கு உபதேசம், தனக்கு மாளிகை என்பார்கள். நானும் அந்தக் கேள்வியைத் தவிர்க்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இந்த முரண்பாட்டை எதிரிகள் கண்டுபிடிக்கவில்லை. நாள்தோறும் அதைக் குறித்துவைத்தவர் அவரே. 1847ஆம் ஆண்டிலிருந்து நாட்குறிப்பு எழுதியவர், காஸ்ப்ராவிலும் எழுதினார். எவ்வளவு தூரம் நடந்தோம், வயிறு எப்படி இருக்கிறது, யாரிடம் எரிந்து விழுந்தோம், கடவுளைப் பற்றி இன்று என்ன தோன்றியது, வேலை ஏன் ஓடவில்லை என்பன போன்ற அன்றாடச் சங்கதிகள்தாம் அவர் நாட்குறிப்பில் நிறைந்திருக்கும். ஒரு நாளின் குறிப்பை முடித்தபின் மறுநாளின் தேதியையும் எழுதி, உயிரோடிருந்தால் என்று பொருள்படும் மூன்று ரஷ்ய எழுத்துகளைச் சேர்த்துவிடுவது அவர் வழக்கம். பல ஆண்டுப் பழக்கம் அது. காஸ்ப்ராவில் அதற்கு உண்மையான பொருள் வந்தது.

இலையுதிர்காலம் நன்றாகவே கழிந்தது. உடம்பு சற்றுத் தேறியது. குதிரையேறி அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போனார். கடற்கரையில் நடந்தார். மாலையில் சதுரங்கம், சீட்டாட்டம். சீட்டாடும்போது இளமைக்காலச் சூதாடி எட்டிப்பார்ப்பார்; கைகள் படபடக்க, விளையாட்டு என்பதையே மறந்து ஆடுவாராம். யால்டாவில் வீடு கட்டிக் குடியிருந்த அன்டன் செக்காவ் செப்டம்பர் மாதமே வந்து பார்த்தார். காசநோய்க்காரரான செக்காவுக்கு அப்போது வயது 41. அவருடைய சிறுகதைகளை டால்ஸ்டாய் வாய்விட்டுப் படித்து மகிழ்வார். நாடகங்களை மட்டும் பிடிக்காது, அதை ஒளிக்கவும் மாட்டார். இரண்டு பேரும் மேல்தளத்தில் அமர்ந்திருக்கும் படம் இன்றும் புத்தகங்களில் வருகிறது. அரசாங்கத்தின் கண்காணிப்பில் இருந்த மாக்சிம் கார்க்கி பக்கத்து ஊரான ஒலெயிஸில் தங்கியிருந்தார். அவரும் அடிக்கடி வருவார். கிழவர் பேசியதையெல்லாம் வீட்டுக்குப் போய்த் துண்டுத் தாள்களில் குறித்துவைத்தார். 1919இல் அவை நூலாக வந்தன. டால்ஸ்டாயைச் சிலையாக்காமல், தந்திரமும் பிடிவாதமும் பேரழகும் கலந்த மனிதராக நமக்குக் காட்டிய நூல் அது. ரஷ்ய இலக்கியத்தின் மூன்று தலைமுறைகள் ஒரே தோட்டத்தில்!

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. டிசம்பரில் படைவீரர்களுக்கும் படை அதிகாரிகளுக்கும் இரண்டு சிறு கட்டுரைகளை எழுதி முடித்தார். சுடு என்று ஆணையிட்டாலும் மனிதனைக் கொல்லாதே என்பது அவற்றின் சாரம். இதை எழுதிய இடத்திலிருந்து ஒருநாள் வண்டிப் பயணத்தில் செவஸ்தப்போல். ஏறக்குறைய 47 ஆண்டுகளுக்குமுன் அவரே பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற இடம்.

இந்தக் கருத்துத்தான் பிறகு நம்மவர்களையும் தொட்டது. 1908இல் ஓர் இந்திய இளைஞருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், தீமை செய்தவனுக்கும் நன்மை செய்வதைப் பற்றிய திருக்குறள் கருத்துகளை எடுத்தாண்டிருந்தார். அதைத் தென்னாப்பிரிக்காவிலிருந்த காந்தி படித்தார், அச்சிட்டார். 1910இல் ஜோகானஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன. வள்ளுவரிடமிருந்து ரஷ்யாவுக்குப் போனது, ரஷ்யாவிலிருந்து சுற்றிக்கொண்டு தமிழரிடமே வந்து சேர்ந்தது.

காஸ்ப்ராவுக்குத் திரும்புவோம். டிசம்பர் இறுதியில் அவர் மனத்தில் வேறொரு கடிதம் உருவானது. 1902 ஜனவரி 16இல் முடிந்தது. அது ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலாவுக்கு. மன்னர்களுக்குரிய அடைமொழி எதுவும் இல்லாமல், சகோதரனை அழைப்பதுபோல அழைத்துத் தொடங்கினார். எதேச்சாதிகார ஆட்சிக்குக் காலம் போய்விட்டது, மக்களின் குரல்வளையை விடுங்கள், நிலத்தின்மீதான தனியுடைமையை ஒழியுங்கள் என்று கேட்டார். சாவின் வாசலில் நிற்கும் ஒருவன் எழுதுவதாக அதை எண்ணிக்கொள்ளும்படியும் வேண்டினார். அரச குடும்பத்தைச் சேர்ந்த நிக்கோலாய் மிகாய்லோவிச் என்னும் இளவரசர் அந்தப் பக்கம் தங்கியிருந்தபோது டால்ஸ்டாயை வந்து கண்டிருந்தார். அவர்வழியாகக் கடிதம் மன்னரின் கைக்குப் போனது. பயன் ஒன்றும் விளையவில்லை. பதினைந்து ஆண்டுகளில் அந்த ஆட்சியே இல்லாமல் போயிற்று. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்றுத்துறை நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும்.

கடிதம் போன சில நாட்களில் நுரையீரல் அழற்சி. குளிரைத் தவிர்க்கத்தான் அங்கே போனார்கள். மென்மையான அந்தக் குளிர்காலமும் அவரை விட்டுவைக்கவில்லை. ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் இன்றோ நாளையோ என்ற நிலை. மாஸ்கோவிலிருந்தும் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்தும் மருத்துவர்கள் வந்தனர். செக்காவுக்கு மருத்துவம் பார்த்த அல்ட்ஷுல்லர் யால்டாவிலிருந்து வந்து போனார். கற்பூர ஊசி போட்டு இதயத்தை நிறுத்திப் பிடித்தார்கள். பிள்ளைகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தனர். அரசாங்கமும் ஆயத்தமானது! அவர் இறந்தால் பத்திரிகைகள் என்ன எழுதலாம், எழுதக்கூடாது, கூட்டம் கூடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் உள்துறை ஏற்பாடு செய்தது. தலைநகர்ப் பேராயர் அந்தோனி, கணவரை மீண்டும் திருச்சபைக்குள் கொண்டுவருமாறு சோஃபியாவுக்குக் கடிதம் எழுதினார். சமரசத்துக்கு இடமில்லை என்பது டால்ஸ்டாயின் பதில்.

‘இவான் இலியிச்சின் மரணம்’ என்ற குறுநாவலை அவர் 1886இல் வெளியிட்டிருந்தார். நோயில் கிடக்கும் ஓர் அதிகாரி, தன் வாழ்க்கையே பொய் என்று மெல்ல மெல்ல உணர்ந்து சாவதுதான் கதை. அதை எழுதியவரே இப்போது அப்படுக்கையில். என்ன நினைத்தார்? மூச்சுத் திணறும்போதும் தோன்றிய எண்ணங்களைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி எழுதவைத்தார். எழுதிக்கொண்டிருந்த சமயக் கட்டுரையின் திருத்தங்கள்கூட அவற்றில் உண்டு. தேற்றும் சொற்களை அவர் தேடவில்லை. சாவு எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார் என்றே எனக்குப் படுகிறது.

இங்கே நான் சோஃபியாவின் பக்கம் சற்று நிற்க விரும்புகிறேன். வயது 57. இரவெல்லாம் கண்விழித்துத் தலையணையைச் சரிசெய்வதும், தூக்கிப் படுக்கவைப்பதும், நாடியைப் பார்ப்பதும் அவர். மகள்களும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்றாலும் பெரும்பங்கு அவருடையது. அவரும் நாட்குறிப்பு எழுதினார். கணவர் இறந்துகொண்டிருக்கிறார் என்று உருகும் அந்த ஏடுகளிலேயே, நாற்பது ஆண்டுகளாகத் தம் வாழ்வை இவருக்கே கொடுத்து என்ன கண்டோம் என்ற கசப்பும் இருக்கிறது. உலக மக்கள்மீது அன்பு செலுத்தியவர் வீட்டில் கோபக்காரராகவே இருந்தார். நோயில் இன்னும் கூடுதல். எளிமையாக வாழ ஒருவர் முடிவெடுத்தால் கணக்கு வழக்கையும் பிள்ளைகளின் படிப்பையும் பதிப்பு வேலையையும் வேறு ஒருவர் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்த வேறு ஒருவரைச் சண்டைக்காரி என்று பல வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டன. மாளிகையில் தங்கியதைவிட இதுதான் டால்ஸ்டாயின்மீது நான் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு. அவர் அதையும் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய நாட்குறிப்புகள் சான்று. உணர்ந்ததால் சோஃபியாவுக்கு ஓர் இரவுத் தூக்கமாவது கூடக் கிடைத்ததா?

மார்ச்சில் காய்ச்சல் இறங்கியது. சாவுக்கு ஏற்பாடு செய்திருந்த உள்துறையின் அமைச்சர் சிப்யாகின், ஏப்ரல் 2ஆம் நாள் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு புரட்சிக்காரரின் குண்டுக்குப் பலியானார். டால்ஸ்டாய் பிழைத்துக்கொண்டார். எழுந்து அமர்வதற்குள் குடற்காய்ச்சல் வந்தது. அதையும் கடந்தார். மே மாதம் சக்கர நாற்காலியில் அமரவைத்துத் தோட்டத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். மெலிந்து, தாடி மட்டும் மிஞ்சியதுபோல் இருக்கும் அந்தக்காலப் படங்களைப் பார்த்தால் இவர் இன்னும் எட்டு ஆண்டு வாழப்போகிறார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவரை வந்து பார்த்துக் கவலைப்பட்ட செக்காவ் 1904இல் 44 வயதில் மறைந்தார். படுக்கையருகே இருந்து பணிவிடை செய்த அன்பு மகள் மாஷா 1906இல், தந்தை தப்பித்த அதே நுரையீரல் அழற்சியால் 35 வயதில் இறந்தார். நிற்க வேண்டியவர்கள் போனார்கள். போகவேண்டியவர் என்று எல்லாரும் நினைத்தவர் நின்றார்.

ஒரு வகையில் ஏமாற்றம்கூட அவருக்கு இருந்திருக்கலாம். சாவுக்கு மனத்தை ஒருமுறை பழக்கிய பிறகு, மறுபடியும் சோறு, தூக்கம், நடைபயிற்சி, வீட்டுச் சண்டை என்று தொடங்கவேண்டும். பிறிதொரு நாள் மீண்டும் முதலிலிருந்து சாகவேண்டும்.

1902 ஜூன் 25ஆம் நாள் யால்டாத் துறைமுகத்தில் ‘புனித நிக்கோலாய்’ என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். இளம் எழுத்தாளர் குப்ரின் அங்கே அவரைச் சந்தித்ததைப் பிற்பாடு கட்டுரையாக்கினார். செவஸ்தப்போலில் இறங்கி, ரயிலில் யாஸ்னயா பொல்யானா. வந்ததும் வராததுமாக அவர் கையில் எடுத்தது சமயக் கட்டுரையோ அறவுரையோ அன்று. 1896இல் வயல்வெளியில் வண்டிச்சக்கரம் ஏறியும் சாகாமல் நின்ற ஒரு முட்செடியைக் கண்டு தொடங்கிய கதை அது. காக்கேசிய மலைவீரன் ஹாஜி முராத்தைப் பற்றியது. அதை எழுதுவது தமக்கே ஏதோ ஒளிவு வேலைபோலத் தோன்றியது. ஏனென்றால், ‘கலை என்றால் என்ன?’ என்ற நூலில் தம்முடைய பெரும் படைப்புகளையே தள்ளுபடி செய்தவர் அவர். ஆனாலும் அந்தக் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் முழுமூச்சாக அதை எழுதினார். 1904வரை அடித்து அடித்துத் திருத்தினார். உயிரோடிருந்தவரை வெளியிடவில்லை. 1912இல்தான் அது அச்சேறியது. என் கருத்தில் அவர் எழுதியவற்றிலேயே சிறந்தது. வாதிட விரும்பும் நண்பர்கள் முதலில் படித்துவிட்டு வரவும். தன்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று தெரிந்தும் கடைசிவரை நின்று போரிடும் ஒருவனின் சாவை, சாவின் அருகே போய்த் திரும்பியவர் எழுதியிருக்கிறார்.

மாளிகை முரண்பாடு முடியவில்லை. யாஸ்னயா பொல்யானாவிலும் வேலைக்காரர்கள் உணவு பரிமாறினார்கள். உயில் பற்றிய சண்டை வளர்ந்தது. 1910 அக்டோபர் 28 விடியற்காலையில், 82 வயதில், சோஃபியா தூங்கும்போது வீட்டைவிட்டு வெளியேறினார். வழியில் மீண்டும் நுரையீரல் அழற்சி. அஸ்தாப்பவா என்னும் சிறு ரயில் நிலையத்தில், நிலைய அதிகாரியின் வீட்டில், நவம்பர் 7ஆம் நாள் உயிர் பிரிந்தது. காஸ்ப்ராவில் இரவெல்லாம் பக்கத்திலிருந்த சோஃபியாவை, அவர் நினைவிழந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

பானினாவின் மாளிகை புரட்சிக்குப் பின் நோயாளிகள் தங்கி உடல் தேறும் இல்லமாக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் யாஸ்னயா பொல்யானா.